ஏற்காட்டுப் பங்களாவில் மனநோய்க் கருவிகள்: பழுதுபார்த்த ஒருவனின் மதிப்பீடு

ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டிச் சிறிது தொலைவில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் ஓடு வேய்ந்த பழைய பங்களா ஒன்றின் மூன்று அறைகளில், மனநோய்ச் சிகிச்சைக்கென்று ஒரு காலத்தில் பயன்பட்ட கருவிகளையும் அவற்றின் நகல்களையும் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்திருக்கிறார்கள். முன் தாழ்வாரத்தில் காப்பிக் கடையும் உண்டு. நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய்; அந்தச் சீட்டைக் காட்டினால் காப்பியில் இருபது ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். குறிப்புச் சீட்டுகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருப்பதாக அதை நடத்தும் அம்மையார் சொன்னதாலும், திருத்துவதற்குள் பெயரைப் போட்டு எழுதுவது முறையாகாது என்று எனக்குத் தோன்றியதாலும், கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

சேலத்தில் இருந்துகொண்டு முப்பது ஆண்டுகள் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தவன் நான். எக்ஸ்ரே, ஈசிஜி, உறிஞ்சும் பம்பு என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். அவற்றோடு, நம் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிற பெட்டி’ என்று சொல்லப்படும் மின்அதிர்ச்சிக் கருவிகளும் என் பட்டறைக்கு வந்து போயிருக்கின்றன. எந்தக் கருவியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, இதை நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, அது யார் கைக்கு எட்டும் என்பதுதான். இந்தக் காட்சியறையையும் அந்தக் கேள்வியோடுதான் சுற்றி வந்தேன்.

முதல் அறையில் நுழைந்ததும் எதிரே இருப்பது ஒரு நாற்காலி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் 1811ஆம் ஆண்டு வடிவமைத்த ‘அமைதிப்படுத்தும் நாற்காலி’யின் நகல் அது. மூளையின் இரத்தக் குழாய்களில்தான் பித்து பிறக்கிறது என்று நம்பிய ரஷ், நோயாளியின் மார்பையும் வயிற்றையும் கைகால்களையும் வாரால் கட்டி, தலையை ஒரு மரப்பெட்டிக்குள் நுழைத்து அசையவிடாமல் செய்தால் மூளைக்கு ஓடும் இரத்தம் தணியும் என்று கருதினார். எழுந்து போக வழியில்லாததால் இருக்கைக்குக் கீழே ஒரு வாளியும் வைக்கப்பட்டது. இத்தனைக்கும் ரஷ் தம் காலத்தின் கொடியவர்களுள் ஒருவர் அல்லர். பித்துப் பிடித்தவர்களைத் திருடர்களைப் போல நடத்தாமல் நோயாளிகளாக நடத்த வேண்டும் என்று வாதாடியவர். பிற்காலத்தில் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் முத்திரையில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும் சீட்டு இதில் எதையும் சொல்வதில்லை. ‘பைத்தியக்கார நாற்காலி, உட்கார்ந்து படம் எடுக்க ஐம்பது ரூபாய்’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகையில் செய்தது என்றார்கள். காப்பிக்கு நிழல் தர நட்ட மரம்தான். மூட்டுகள் ஆடவில்லை, ஆணி வெளியே தெரியவில்லை, வார்ப்பூட்டு அசல் பித்தளை. ஆனால் நான் நின்றிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் அதில் உட்கார, நண்பர்கள் பெட்டியைத் தலைக்கு மேல் இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே நடந்தார்கள். ‘டேய், போதும்டா’ என்று பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலில் மூன்றாவது முறை சிரிப்பு இல்லை. நான்தான் போய்த் தூக்கிவிட்டேன். வார்களைப் பூட்டிய பின் உட்கார்ந்திருப்பவர் தாமாக அவிழ்க்க வழியே இல்லாத அந்த அமைப்பு, இரண்டு நிமிடத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைப் புரியவைப்பதற்காகத்தான் இந்த ஐம்பது ரூபாய் என்றால் எனக்கு மறுப்பில்லை. சீட்டில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். கண்ணாடிப் பேழைக்குள், தாம்பூலப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே கிடைமட்டமாகக் குதிரை லாட வடிவில் ஒரு காந்தம். அதன் முனைகளுக்கு முன்னால் மெழுகுத் துணி சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். அவற்றைச் சுழற்ற ஒரு பல்சக்கரமும் கைப்பிடியும். இரண்டு நீண்ட ஒயர்களின் நுனியில் பித்தளைக் குழல்கள். அமெரிக்காவில் 1854ஆம் ஆண்டு டேவிஸ், கிட்டர் என்ற பெயர்களில் காப்புரிமை பெற்று, பிறகு இங்கிலாந்திலும் ஏராளமாகச் செய்து விற்கப்பட்ட, ‘நரம்பு நோய்களுக்கான’ காந்த மின்கருவி இதுதான். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய அச்சுத்தாள் பழுத்துப்போயிருந்தாலும் இன்னும் படிக்க முடிகிறது. இது அசல் பொருள். அதில் எனக்கு ஐயமில்லை. சுருளில் இழை பிரிந்திருக்கும் விதம், திருகாணிகளின் தலையில் கையால் அறுத்த பள்ளங்களின் ஒழுங்கின்மை, பல்சக்கரத்தின் தேய்மானம், இவற்றை யாரும் போலியாகச் செய்துவிட முடியாது.

ஆனால் சீட்டில் எழுதியிருப்பது: ‘கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் 1790ஆம் ஆண்டு பயன்பட்டது.’ ஒரே வரியில் இத்தனை பிழைகளைச் செய்வது எளிதல்ல. சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிரே நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஃபாரடே கண்டுபிடித்ததே 1831ஆம் ஆண்டில்தான். சென்னையின் மனநோய்க் காப்பகம் வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவரின் பொறுப்பில் 1794ஆம் ஆண்டு புரசைவாக்கத்தில் தொடங்கியது; கீழ்ப்பாக்கத்துக்கு அது இடம் மாறியது 1871ஆம் ஆண்டு; ‘மருத்துவமனை’ என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 1922ஆம் ஆண்டு. இந்தப் பெட்டி கீழ்ப்பாக்கத்தில் இருந்ததற்கு அதன் மேல் முத்திரையோ எண்ணோ எதுவுமில்லை. வீட்டு வரவேற்பறையில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் வகைக் கருவி இது. தலைவலிக்கும் பல்வலிக்கும் சோர்வுக்கும் என்று வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாங்கி வைத்திருந்த பண்டம், தோட்டத்துரை எவருடைய பரணிலிருந்தோ இறங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டபோது, வாங்கிய இடம் மலை மேலேயே ஒரு பழைய பங்களா ஏலம் என்று அம்மையாரே சொன்னார். அப்படியானால் அதை அப்படியே எழுதுவதற்கென்ன? பரண் என்று எழுதினால் விலை குறைந்துவிடும் போலும்.

அனுமதி கேட்டு அதை இயக்கிப் பார்த்தேன். குழல்களை நான் பிடித்துக்கொள்ள, கடைப் பையன் கைப்பிடியைச் சுற்றினான். மெதுவாகச் சுற்றியபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. ‘கொஞ்சம் வேகமாச் சுத்தட்டுங்களா சார்?’ என்று கேட்டுவிட்டு அவன் வேகம் கூட்டினான். மணிக்கட்டு வரை ஏறியது. பிறகு உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது. குழலைக் கீழே போட வேண்டும் என்று நினைக்கிறேன், விரல்கள் விரியவில்லை. தசையை இறுக்குவதும் அதே மின்சாரம், விடாமல் செய்வதும் அதே மின்சாரம். காந்த முனைகளுக்கு அருகே ஓர் இரும்புத் துண்டைத் திருகி நகர்த்தி வலுவைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அது அமைந்திருப்பதும் பெட்டியின் பக்கம்தான், சுற்றுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காந்தம் வலுவிழந்த பிறகு இந்த நிலை என்றால், புதிதாக இருந்தபோது எப்படியிருந்திருக்கும் என்பதை வாங்க நினைப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விலை நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். அசல் பொருளுக்கு அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடக்கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை ஒன்றுகூட இல்லாதது பெரிய குறை. முதலில் அதை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அதே அறையின் மூலையில் ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பில் இரண்டு குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு, ஓர் அழுத்து பொத்தான். ஒரு குமிழ் மின்னழுத்தத்துக்கு, மற்றது நேரத்துக்கு. பக்கத்தில் தலையில் மாட்டும் வாரும், உப்புநீரில் நனைத்த பஞ்சுறைகளைப் பொருத்தும் இரண்டு தட்டுகளும், வாயில் கடிக்கக் கொடுக்கும் ரப்பர்க் கட்டையும். சீட்டில் ‘மின்சாரச் சித்திரவதைப் பெட்டி’. என்னால் அதைப் படித்துவிட்டு நகர முடியவில்லை.

உகோ செர்லெட்டி, லூசியோ பினி என்ற இத்தாலிய மருத்துவர்கள் 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் ரோம் நகரில் முதன்முதலாக ஒரு மனிதனுக்கு, தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை வரவழைத்துச் செய்த சிகிச்சையின் வழிவந்த பெட்டி இது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு புடாபெஸ்டில் மெடூனா என்பவர் கற்பூரத்தையும் பிறகு கார்டியசால் என்ற மருந்தையும் ஊசியாகச் செலுத்தி வலிப்பை வரவழைத்து மனச்சிதைவுக்கு வைத்தியம் பார்த்தார். மருந்து ஏறிய பிறகு வலிப்பு வருவதற்கு முந்தைய அந்தச் சில கணங்களில் நோயாளிகளைப் பிடித்தாட்டிய பயம் சொல்லி மாளாது. மின்சாரம் வந்ததும் அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் நினைவு உடனே தப்பியது. அன்றைக்கு இது ஓர் இரக்கமாகவே பார்க்கப்பட்டது. மயக்கமருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் செய்த காலத்தில் எலும்பு முறிந்ததும், தோளையும் இடுப்பையும் முழங்காலையும் நான்கு பேர் அழுத்திப் பிடித்ததும் உண்மை. 1950களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தி வந்த பிறகு வலிப்பின் துள்ளலை அடக்க வழி பிறந்தது. கடும் மனச்சோர்வில் சோறு தண்ணீர் விட்டுப் படுத்துவிட்டவர்களுக்கு இன்றும் இந்தச் சிகிச்சை தரப்படுகிறது. அவர்களில் பலர் எழுந்து உட்கார்கிறார்கள். மயக்கமருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் தருவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. பெட்டியைச் சித்திரவதை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நாளை மருத்துவர் பரிந்துரைக்கும்போது ஒரு குடும்பம் மிரண்டு எழுந்து போய்விடும்.

இதைச் சொல்லும்போதே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இதே வகைப் பெட்டி என் பட்டறைக்கு வந்தது. மின்சாரத்தை அரை நொடியில் அறுக்க வேண்டிய ரிலேயின் தொடுமுனைகள் கருகி, பத்துக்கு ஒரு முறை ஒட்டிக்கொண்டன. மனிதத் தலைக்குப் பதிலாக ரெசிஸ்டரை மாட்டிச் சோதித்தபோதுதான் தெரிந்தது. பொத்தானை விட்ட பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புது ரிலே போட வேண்டும் என்றேன். எமரித் தாளால் தேய்த்துக் கொடுத்தால் போதும், அவசரம் என்றார்கள். தேய்த்துக் கொடுத்தேன். பத்து முறை சரியாக வேலை செய்ததைக் கணக்கு வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். இந்தக் கடையில் அதே குமிழைத் திருப்பிப் பார்த்தபோது, பதினோராவது முறையை ஏன் சோதிக்கவில்லை என்பதுதான் மனத்தில் ஓடியது. ஆகவே அந்தப் பெட்டியில் அச்சப்பட வேண்டிய இடம் எதுவென்று கேட்டால், தலையில் மாட்டும் வாரைக் காட்ட மாட்டேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றி அந்த ரிலேயைக் காட்டுவேன். கடைக்காரர்களுக்கு இதைச் சொன்னேன். தகட்டைக் கழற்றிக் கண்ணாடி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்ற சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கைகளைப் பின்னால் கட்டும் கித்தான் சட்டை, ஏதோ நாடகத்துக்குத் தைத்தது, தையல் புதிது. உடம்புச் சூட்டுக்கு நெருக்கமான வெந்நீரில் நோயாளியை மணிக்கணக்காகக் கிடத்தி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மேலே கித்தான் போர்த்திய தொட்டிச் சிகிச்சையின் நினைவாகத் துத்தநாகத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பெரணி வளர்க்கிறார்கள். ‘ஃப்ரீமனின் அசல் ஊசி’ என்று பதினெட்டாயிரம் ரூபாய் போட்டிருக்கும் கூர்முனைக் கருவியை மட்டும் யாரும் வாங்க வேண்டாம். போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் 1935ஆம் ஆண்டு தொடங்கி 1949ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்ற மூளை அறுவையை, அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் 1946ஆம் ஆண்டில் கண்குழி வழியாகச் செய்யத் தொடங்கினார். முதலில் அவர் எடுத்தது வீட்டுச் சமையலறையின் பனிக்கட்டி ஊசி. அந்தக் கதையை வைத்துக்கொண்டு எந்தப் பனிக்கட்டி ஊசியையும் இப்படி விற்றுவிடலாம். இந்த ஊசியில் சென்டிமீட்டர் கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. தண்டு முழுக்கக் கறுத்திருக்க, கோடுகளுக்குள் மட்டும் எஃகு வெள்ளையாகப் பளபளக்கிறது. கீறி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

மூன்றாவது அறையில் படங்கள். 1876ஆம் ஆண்டு ராபர்ட்-ஃபிளரி வரைந்த ஓவியத்தின் பெரிய அச்சுப்படி நடுவில் தொங்குகிறது: பாரிஸின் சல்பேத்ரியர் மருத்துவமனை முற்றத்தில் மனநோய் மருத்துவர் பினேல் நிற்க, ஒரு பெண்ணின் உடலிலிருந்து விலங்கைக் கழற்றுகிறார்கள். ஆண்களுக்கான பிசேத்ர் காப்பகத்தில் 1797ஆம் ஆண்டு இரும்புச் சங்கிலிகளை முதலில் நீக்கியவர், மருத்துவப் பட்டமில்லாத மேற்பார்வையாளர் புசேன். படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு இதைச் சரியாகச் சொல்கிறது. கடையிலேயே பிழையில்லாத ஒரே குறிப்பு இது. வெளிச்சமும் நன்றாக இருக்கிறது.

அங்கிருந்து தாழ்வாரத்துக்கு வந்து காப்பி குடிக்க உட்கார்ந்தேன். காப்பி தோட்டத்துக் கொட்டை, சிக்கரி குறைவு, சூடு சரியான பதம்; நாற்பது ரூபாய் தரலாம். தலைக்கு மேலே பூத்தொட்டி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய சங்கிலியைப் பார்த்துக்கொண்டே பாதிக் காப்பி ஆறிப்போயிற்று.

‘அதுங்களா சார், மாட்டுச் சங்கிலிங்க. செவ்வாய்ப்பேட்டையில பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கினது’ என்றார் அம்மையார்.

‘மாட்டுக்கு இவ்வளவு சின்ன வளையம் எதுக்குங்கம்மா?’

அவர் நிமிர்ந்து பார்த்தார். சங்கிலியின் ஒரு முனையில், நடுவே கீல் வைத்து இரண்டாகத் திறக்கும் வளையம். பூட்டு மாட்ட இரண்டு காதுகள். நான் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். கணுக்காலில் கிடந்த உலோகம் எந்தப் பக்கம் தேயும் என்பது எனக்குத் தெரியும். வளையத்தின் வெளிப்புறம் முழுக்கத் துருவேறியிருக்க, உட்புறம், அதிலும் கீழ்ப்பாதி மட்டும், வழவழவென்று பளபளத்தது. துணி சுற்றியிருந்ததன் அடையாளமாகக் கீலின் இடுக்கில் இரண்டு மூன்று நூலிழைகள் இன்னும் சிக்கியிருந்தன.

அம்மாபேட்டையில் என் பள்ளி நண்பன் வீட்டில் இப்படி ஒரு வளையம் இருந்தது. தறிக்குழிக்குப் பின்னால் தூணில் கட்டியிருந்த அவனுடைய சித்தப்பாவின் காலில். தோல் உரியாமல் இருக்க அவன் பாட்டி, தறியில் மிஞ்சிய நூலைத் திரித்து வாரம் ஒரு முறை வளையத்தைச் சுற்றிவிடுவார். சித்தப்பாவைக் கட்டிவைத்தவரும் நூல் சுற்றியவரும் ஒருவரே. கீழ்ப்பாக்கம் என்ற பெயரை யாராவது எடுத்தாலே அந்தப் பாட்டி அழுவார். ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது இருபத்தெட்டு உயிர்கள் போனதற்கும் இதே போன்ற வளையங்கள்தாம் காரணம்; கட்டப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று மேலே சொன்ன அதே 95ஆம் பிரிவு சொல்கிறது.

உள்ளே கண்ணாடிப் பேழையில் வெள்ளைக்காரர்களின் கருவிகளுக்கெல்லாம் சீட்டும் விலையும் இருக்க, இந்த மாவட்டத்துப் பட்டறையில் அடித்து, இந்த மாவட்டத்து வீட்டில் பயன்பட்டு, எடைக்குப் போட்ட இந்த ஒன்று மட்டும் சீட்டில்லாமல் பூத்தொட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று அறைகளிலும் நான் பார்த்த பொருள்களில், எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதைத் தன் மேனியிலேயே இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருப்பது வேறில்லை. ஸ்விட்ச் எங்கே என்ற என் கேள்வியும் இதன் முன் வாயடைத்துப் போகிறது. சாவி மட்டும்தான், அதுவும் காணாமல் போய்விட்டது.

இதை அம்மையாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘உள்ளே வெச்சுடலாங்க சார். ஆனா தொட்டியை எதுல மாட்டறது, நீங்களே சொல்லுங்க’ என்றார். அது நியாயமான கேள்விதான்.

செல்ல நினைப்பவர்களுக்கு: காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருக்கிறார்கள், செவ்வாய் விடுமுறை. கோடை விழா நாள்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நின்று நின்றுதான் ஏறும், அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது. சிறு பிள்ளைகளை முதல் அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். காந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள் கீழ்ப்பாக்கத்துக் கதைக்குப் பணம் தர வேண்டாம், பெட்டிக்கு மட்டும் தரலாம்.

நேற்று செவ்வாய்ப்பேட்டையில் கனமான எஸ் கொக்கி ஒன்றும் நாலடி நைலான் கயிறும் நூற்றுப் பத்து ரூபாய்க்கு வாங்கினேன். பதினைந்து கிலோ வரை தாங்கும் என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையேறும்போது கொண்டு போகிறேன்.